சத்தமே இல்லாமல் செய்துகொடுத்த மிட்டாய்ப் பெட்டி

மேஜிக் சாமான் கடை போட்டிருக்கும் தம்பிகளுக்கும் தங்கச்சிகளுக்கும் அனுபவத்தை எழுதிக் கொடுங்கள் பாய் என்று கேட்டீர்கள். பெரம்பலூரில் பன்னிரண்டு வருஷம் கடை நடத்தியவனிடம் எல்லாக் கேள்விக்கும் பதில் இருக்கும் என்று நினைத்துவிட்டீர்கள் போலிருக்கிறது. என்னிடம் இருப்பதெல்லாம் குழப்பம்தான். தொண்ணூற்றைந்தில் கடையைத் திறந்தபோது ஒரு குழப்பம், இரண்டாயிரத்து ஏழில் மூடியபோது வேறொரு குழப்பம். நடுவில் நடந்த ஒரு விஷயத்தை மட்டும் சொல்கிறேன். அதில் நான் செய்தது சரியா தப்பா என்று உங்களில் யாருக்காவது விளங்கினால் எனக்கும் சொல்லுங்கள்.

என் ஊர் லப்பைக்குடிக்காடு. அண்ணன்மார் இரண்டு பேர் துபாயில் இருந்தார்கள். லீவில் வரும்போது சென்ட், டார்ச் லைட்டோடு பட்டுக் கைக்குட்டை, பஞ்சுப் பந்து, வெளிநாட்டுச் சீட்டுக்கட்டு என்று வாங்கி வருவார்கள். அதை வைத்துத்தான் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் கடை ஆரம்பித்தேன். முன்னால் பொம்மை, பலூன், பள்ளிக்கூடப் பரிசுச் சாமான். பின்னால் ஒரு திரை, திரைக்குப் பின்னால் மேஜிக் சாமான். வித்தை செய்கிறவர்கள் மட்டும் திரையைத் தாண்டி வரலாம்.

இந்த ஏற்பாடு ஊருக்குப் புரிய இரண்டு வருஷம் ஆனது. குன்னம் பக்கத்திலிருந்து ஒரு பெண், ஓடிப்போன புருஷனின் போட்டோவைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள். "இது வெளையாட்டு வித்தைக்கான கடைம்மா" என்றேன். "அப்புறம் எதுக்கு வெளிய மேஜிக்னு எழுதிப் போட்டிருக்கீங்க?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். எங்கள் பள்ளிவாசல் ஹஜ்ரத் ஒருநாள் வந்து, இந்த வியாபாரம் மார்க்கத்தில் கூடுமா என்று பார்க்க வேண்டும் என்றார். கயிற்றை வெட்டி ஒட்டிக் காட்டினேன். "இன்னொரு தடவை செய்" என்றார். மூன்று தடவை செய்யவைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். கூடுமா கூடாதா என்று கடைசிவரை சொல்லவில்லை.

நம் தொழிலில் இரண்டு கட்டுப்பாடுகள் உண்டு. ஒருவர் வாங்கியதை இன்னொருவரிடம் சொல்லக் கூடாது. வாங்கிக்கொண்டு போனவர் அதை மேடையில் எப்படிக் கையாளுகிறார் என்று கேட்கக் கூடாது. பொருள் நம்முடையது, கை அவருடையது. இந்த இரண்டையும் எனக்கு மெட்ராஸ் மொத்த வியாபாரி ஒருவர் சொல்லிக் கொடுத்தார். நானும் தொழுகை மாதிரி தவறாமல் கடைப்பிடித்தேன். இப்போது சொல்லப்போகும் சங்கடம் இரண்டாவதைக் கடைப்பிடித்ததால் வந்தது.

தங்கராசு என்று ஒருவர். வேப்பந்தட்டைக்காரர். மூன்று ஏக்கர் மானாவாரியில் பருத்தி போடுவார். பருத்தி வேலை இல்லாத மாதங்களில் டிவிஎஸ் 50-ல் பெட்டியைக் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக மேஜிக் ஷோ நடத்துவார். பின்னால் அவர் மனைவி மல்லிகா. அவர் செய்வார், அவள் பக்கத்தில் நின்று எடுத்துக் கொடுப்பாள், பிள்ளைகளைக் கைதட்டச் சொல்வாள்.

அவர்களுடைய ஷோவில் கடைசி அயிட்டம் மிட்டாய்ப் பெட்டி. என் கடையில் வாங்கியதுதான். முழங்கை நீளத்துக்கு ஒரு மரப்பெட்டி, அதற்குள் ஓர் இழுப்பறை. இழுத்துக் காட்டினால் காலி. மூடிவிட்டு மறுபடி இழுத்தால் நிறைய மிட்டாய். அதை அப்படியே பிள்ளைகளுக்கு அள்ளிக் கொடுத்துவிடுவார்கள். உள்ளே ஒரு சின்னத் தகரக் கொண்டி இருக்கிறது, விரலால் ஒரு தடவை அழுத்தினால் மாட்டிக்கொள்ளும், இன்னொரு தடவை அழுத்தினால் கழன்றுகொள்ளும் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். உங்களுக்கு மீதி தெரியும். தெரியாதவர்கள் தெரியாமலே இருக்கட்டும்.

கடை திறந்து ஏழு வருஷம் ஆகியிருந்தது. அப்போது இரண்டு வருஷமாக மழை ஏமாற்றிவிட்டிருந்தது. பருத்தி காய்ந்துபோய்விட்டது. வீட்டைப் பூட்டிவிட்டுத் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விடலாம் என்று தங்கராசும் மல்லிகாவும் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சமயத்தில் ரெட்டிபாளையம் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையின் வெல்ஃபேர் ஆபீசர் விளையாட்டு விழாப் பரிசு வாங்க என் கடைக்கு வந்தார். ஆலையைச் சுற்றியிருக்கும் கிராமத்துப் பள்ளிகளில் மாதம் இரண்டு மேஜிக் ஷோ நடத்தவேண்டும், வருஷம் முழுக்க, நல்ல ஆளாக இருந்தால் சொல்லுங்கள் என்றார். நான் தங்கராசு பேரைச் சொன்னேன். முதலில் ஆலைக் குடியிருப்புப் பள்ளியில் ஒரு ஷோ, அது நன்றாக இருந்தால் வருஷத்துக்கும் அவருக்கே என்று பேச்சு.

தங்கராசுவிடம் சொன்னபோது அவர் முகம் மாறியது இன்னும் நினைவிருக்கிறது. "இது மட்டும் அமைஞ்சிருச்சுன்னா ஊரை விட்டுப் போக வேண்டியதில்ல பாய்" என்றார். மல்லிகா புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஷோவுக்கு நாலு நாள் முன்னால் மிட்டாய்ப் பெட்டியைக் கொண்டுவந்தார். பெயிண்ட் எல்லாம் உரிந்து அசிங்கமாக இருந்தது. "சேப்புப் பெயிண்ட் மட்டும் அடிச்சுக் குடுங்க பாய், பெரிய எடம்" என்றார். பெயிண்ட் மட்டும். இந்த வார்த்தையைக் கவனித்துக்கொள்ளுங்கள், நான் கவனிக்கவில்லை.

பெட்டியைப் பிரித்தபோது உள்ளே இருந்த கொண்டி தேய்ந்து, அழுத்தினால் டிக் என்று சத்தம் போட்டது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. என் கடைப் பொருள் பெரிய இடத்து மேடையில் டிக் டிக் என்று சத்தம் போடுவதா? இரண்டு நாள் மெனக்கெட்டேன். கொண்டியை அரத்தால் ராவி, அடியில் வெல்வெட் துணி ஒட்டி, எண்ணெய் விட்டேன். சத்தம் சுத்தமாகப் போய்விட்டது. அழுத்துவதே விரலுக்குத் தெரியவில்லை. வெண்ணெய் மாதிரி போனது. சபாஷ் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

ஷோவுக்கு முந்தின நாள் மாலை தங்கராசு வந்து பெட்டியை வாங்கினார். பெயிண்ட் இன்னும் ஈரம். "காலைல வரைக்கும் தொறக்காதீங்க, ஒட்டிக்கும்" என்று சொல்லி அனுப்பினேன். கொண்டியைச் சரி செய்ததைச் சொல்லவில்லை. சொன்னால் கூடக் கொஞ்சம் கேட்கிறேன் என்று நினைப்பாரோ என்ற கூச்சம் ஒரு பக்கம். தொட்டதும் தெரிந்து ஆச்சரியப்படட்டுமே என்ற ஆசை இன்னொரு பக்கம். அவரும் மறுநாள் காலையில் மிட்டாயை நிரப்பிக்கொண்டு நேராக ரெட்டிபாளையம் போய்விட்டார்.

நானும் அரியலூர் பஸ் பிடித்துப் போனேன். சிபாரிசு செய்தவன் என்பதால் ஆபீசர் என்னைத் தன் பக்கத்திலேயே உட்காரவைத்தார். முற்பகல் வெயில், பந்தலுக்குக் கீழே பள்ளிக்கூடமே உட்கார்ந்திருந்தது. தங்கராசு பிரமாதமாகச் செய்தார். ஆபீசரே இரண்டு தடவை கைதட்டினார். கடைசியாக மிட்டாய்ப் பெட்டி. இழுத்துக் காட்டினார், காலி. மூடினார். அதன் பிறகு மேடையில் நடந்தது எனக்கு ஒன்றுமே புரியவில்லை.

தங்கராசு பெட்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றார். மல்லிகா அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வழக்கமாக இந்த இடத்தில் அவள் "எல்லாரும் ஒண்ணு, ரெண்டு, மூணு சொல்லுங்க" என்பாள். அன்றைக்குச் சொல்லவில்லை. புருஷன் பெண்டாட்டிக்குள் மேடையிலேயே சண்டை வந்துவிட்டதா என்றுதான் நினைத்தேன். தங்கராசு குதிகாலால் பலகையை ஒரு தட்டுத் தட்டினார். கொஞ்சம் பொறுத்து இன்னொரு தட்டு. பிறகு சட்டென்று இழுத்தார். காலி இழுப்பறை பாதி வெளியே தொங்கியது, அதற்கு அடியில் இருந்த மிட்டாய் பொலபொலவென்று மேடையில் கொட்டியது.

"அடியில இன்னொரு பெட்டி இருக்குடா" என்று முன்வரிசையில் ஒரு பிள்ளை எல்லோருக்கும் விளக்கம் சொன்னது. பந்தலே சிரித்தது. தங்கராசு தன் வலது கையைத் தூக்கிப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார். மல்லிகா குனிந்து மிட்டாயைப் பொறுக்கினாள்.

ஆபீசர் என்னை மேடைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். "பாய், இந்தச் சாமான்லாம் உங்க கடைதானே? பெட்டில ஏதாவது கோளாறா, இல்ல ஆளே அவ்வளவுதானா? சும்மா சொல்லுங்க" என்றார்.

நான் பெட்டியை எடுத்து அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மூன்று தடவை போட்டுப் பார்த்தேன். மூன்று தடவையும் அருமையாக வேலை செய்தது. "பெட்டி நல்லாத்தான் சார் இருக்கு" என்றேன்.

அது பொய்யில்லை. கடைப் பேரைக் காப்பாற்றச் சொன்னேனா, உண்மை என்பதால் சொன்னேனா என்றால் இரண்டும்தான். ஆனால் அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு மிச்சமிருப்பது தங்கராசுவின் கை மட்டும்தான் என்று அந்த நொடியில் எனக்குத் தோன்றவில்லை. ஆபீசர் தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார். அவருக்குப் பின்னால் நின்றிருந்த தங்கராசு அதைக் கேட்டுவிட்டார்.

பத்து நாள் கழித்து இரண்டு பேரும் கடைக்கு வந்தார்கள். ஒரு சாக்கு நிறைய எல்லாச் சாமானும் இருந்தது. "இதெல்லாம் யாருக்காச்சும் குடுத்துருங்க பாய். எனக்குக் கை போயிருச்சு" என்றார் தங்கராசு.

"என்னங்க பேசறீங்க?" என்றேன்.

"எங்கப்பாவுக்கும் இப்பிடித்தான் ஆரம்பிச்சுது. மொதல்ல வெரலு சொன்ன பேச்சு கேக்காது. அப்புறம் கை ஆட ஆரம்பிச்சுது. கடைசி அஞ்சு வருசம் அம்மாதான் சோறு ஊட்டுனாங்க. பெட்டி நல்லா இருக்குன்னு நீங்களே சொன்னீங்கல்ல. அப்ப கைதானே?"

திருப்பூரில் மெஷினில் உட்கார்ந்தால் இந்தக் கையை நம்பி ஊசிக்கு அடியில் துணியைத் தள்ள முடியுமா என்று அவர் பயந்தார். பத்து நாளாகத் தூங்கவில்லை என்று மல்லிகா சொன்னாள். சாப்பிடும்போதுகூடக் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறாராம்.

எனக்கும் வேறு விளக்கம் தெரியவில்லை. பெட்டியை எடுத்து இருபது தடவை செய்து பார்த்தேன். ஒரு தடவைகூடத் தப்பவில்லை. "நீங்க ஒரு தடவ செஞ்சு காட்டுங்க" என்றேன். ஏழு வருஷத்தில் அன்றைக்குத்தான் முதல் தடவையாக அந்தக் கட்டுப்பாட்டை மீறி, வாங்கியவரைச் செய்து காட்டச் சொன்னேன். அவர் செய்தார். தப்பிவிட்டது. மறுபடி செய்தார். மறுபடி தப்பியது. நெற்றியில் வேர்த்துவிட்டது அவருக்கு. அவர் கை போய்விட்டது என்று நானே அப்போது நம்பினேன். மன்னித்துக்கொள்ளுங்கள், அல்லாவுக்குத் தெரிய அப்படித்தான் நம்பினேன்.

மல்லிகா பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பாய், அந்த டிக் சத்தம் எங்க?" என்று கேட்டாள்.

"எந்தச் சத்தம்?"

"இவுரு அமுக்குனா டிக்குனு ஒண்ணு கேக்குமுங்க. அது கேட்டாத்தான் நான் ஒண்ணு ரெண்டு சொல்லச் சொல்லுவேன். அது வெளிய கேக்கக் கூடாதுன்னுதான் இவுரு குதிகாலால தட்டுவாரு. அன்னைக்கு மேடையிலயும் கேக்கல. இப்பவும் கேக்கல."

இத்தனை வருஷமாக அந்தக் குதிகால் தட்டலை நான் மேடை மிடுக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சத்தம் வரவில்லை என்றதும் தங்கராசு மாட்டவில்லை என்று நினைத்து இரண்டாம் தடவை அழுத்தியிருக்கிறார். மாட்டியிருந்தது கழன்றுவிட்டது. கையில் கோளாறே இல்லை. நான் கோளாறு என்று நினைத்து எடுத்த அந்தச் சத்தத்தின் மேல்தான் அவர் விரலும் அவள் காதும் நின்றிருந்தன.

பெயிண்ட் உள்ளே இறங்கி அடைத்திருக்கும் என்று சொல்லிவிட்டிருக்கலாம். வாயில் வந்தும்விட்டது. தங்கராசு தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்தபோது விழுங்கிவிட்டேன். "நான்தான் எடுத்தேன். நீங்க கேக்காமலே கொண்டிய ராவினேன். உங்ககிட்ட சொல்லவும் இல்ல" என்றேன்.

வெளியே திருச்சி பஸ் கண்டக்டர் கூவிக்கொண்டிருந்தார்.

"அப்ப என் கை?" என்று கேட்டார் தங்கராசு.

"கை நல்லாத்தான் இருக்கு."

அவர் ஸ்டூலில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நாற்பது வயது ஆள். எனக்கும் அழுகை வந்தது. மல்லிகா அழவில்லை. "அன்னைக்கு ஆபீசர் கேட்டப்ப பெட்டி நல்லா இருக்குன்னீங்க" என்றாள். பெட்டி நன்றாகத்தானே இருந்தது.

"நாளைக்கே போயி ஆபீசர்கிட்ட சொல்றேன்" என்றேன்.

தங்கராசு கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். "போங்க. ஆனா உள்ள இருக்கறதைச் சொல்லிராதீங்க பாய். இதே பெட்டிய வெச்சு இன்னும் எத்தனையோ பேரு பொழைக்கறாங்க" என்றார்.

மறுநாள் ரெட்டிபாளையத்தில் ஆபீசர் முன்னால் உட்கார்ந்தேன். "சார், அன்னைக்கு நடந்தது தங்கராசு தப்பில்ல. என் தப்பு" என்றேன்.

"பெட்டி நல்லா இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"நல்லாத்தான் சார் இருந்துச்சு."

"அப்புறம் என்ன தப்பு?"

"நல்லா இருந்ததுதான் சார் தப்பு."

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுத் தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தினார். "குடிங்க பாய். வெயில்ல வந்திருக்கீங்க. உள்ள என்னதான் இருக்குன்னு வெளக்கமா சொல்லுங்க, எனக்குப் புரிஞ்சா ஏதாவது பண்ணலாம்" என்றார்.

மனிதர் கெட்டவரில்லை. ஒரு காகிதத்தில் கொண்டியை வரைந்து காட்டியிருந்தால் இரண்டு நிமிஷத்தில் புரிந்திருக்கும். பேனாவைக் கையில் எடுத்தும்விட்டேன். பிறகு வைத்துவிட்டேன். "அது சொல்லக் கூடாதுங்க" என்றேன்.

ஏற்கெனவே ஒரு பள்ளிக்கூடமே அதன் உள்ளே பார்த்துச் சிரித்துவிட்டது. அவரே முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்தார். பிறகு நான் யாரிடமிருந்து எதை ஒளித்தேன்? ஒரு குடும்பம் ஊரில் இருப்பதா போவதா என்ற இடத்தில் ஒரு தகரத் துண்டைக் காப்பாற்றியது சரிதானா? தங்கராசு கேட்டுக்கொண்டதற்காகத்தான் சொல்லவில்லை என்று நினைத்துக்கொள்கிறேன். வியாபாரி புத்தியாகவும் இருக்கலாம். இன்றைக்குவரை தெரியவில்லை.

அரியலூர்ப் பக்கத்து ஆள் ஒருவருக்கு வருஷத்துக்கும் சேர்த்து ஷோவைக் கொடுத்தாகிவிட்டது என்று ஆபீசர் கடைசியில் சொன்னார். "நண்பருக்காக இவ்வளவு தூரம் வந்து பழிய உங்க மேல போட்டுக்கறீங்களே, பெரிய மனசு பாய் உங்களுக்கு" என்று வாசல்வரை வந்து வழியனுப்பினார். உண்மையைத்தான் சொன்னேன், அவர் அதைப் பொய் என்று எடுத்துக்கொண்டு என்னைப் பாராட்டினார். பஸ்ஸில் உட்கார்ந்து என்னையே திட்டிக்கொண்டு வந்தேன்.

இதைப் படித்துவிட்டு ரிப்பேர் வேலையே எடுக்கக் கூடாது என்று யாரும் முடிவு பண்ணிவிடாதீர்கள். பெட்டி என்றால் தேயும், சரிபண்ணித்தான் ஆகவேண்டும். வந்தவர் எதைச் செய்யச் சொன்னார் என்று கேளுங்கள். கூட ஒன்று செய்தால் வாயைத் திறந்து சொல்லுங்கள். அவர் கையால் ஒரு தடவை செய்து பார்க்காமல் கடையை விட்டு அனுப்பாதீர்கள். கையாளுவதைக் கேட்கக் கூடாது என்ற கட்டுப்பாடு என்ன ஆவது என்றால், அதற்கு என்னிடம் பதில் இல்லை. திரையை இழுத்துவிட்டு நீங்கள் வெளியே நில்லுங்கள், வேறென்ன செய்வது.

அடுத்த வாரம் ஒரு காலை அவர்கள் திருப்பூருக்குக் கிளம்பினார்கள். திருச்சி போய் மாற வேண்டும். பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் தங்கராசு கடைக்கு வந்தார். சாக்கிலிருந்த சாமானில் மிட்டாய்ப் பெட்டியை மட்டும் எடுத்துக்கொண்டார். பழையபடி சத்தம் வரவைக்க முயற்சி பண்ணினேன், டக் என்று ஏதோ வந்தது, அந்த டிக் வரவில்லை என்றேன். "பரவால்ல, இப்பிடியே பழகிக்கறேன். அங்க ஞாயித்துக்கெழமை லீவாம்" என்றார்.

டீ வாங்கிக் கொடுத்தேன். வழிய வழிய இருந்த டம்ளரை வலது கையில் பிடித்து என் முகத்துக்கு நேராக நீட்டினார். நீட்டிய கை நீட்டியபடி இருந்தது. "பாத்தீங்களா பாய், ஆடவே இல்ல" என்று சிரித்தார். "நீங்க மட்டும் சொல்லாம இருந்திருந்தா இந்தக் கையப் பாத்துப் பாத்தே நான் செத்திருப்பேன். ரொம்ப நன்றி பாய்."

எனக்கு நன்றி. அவர் ஊரை விட்டுப் போவதற்குக் காரணமானவனுக்கு. பெட்டி படுக்கையைத் தூக்கிக்கொண்டு பஸ்வரை போனேன்.

மல்லிகா அன்றைக்கு என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை, முகத்தைப் பார்க்கவும் இல்லை. பஸ் கிளம்பும்போது மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பினாள். "இனிமே யாரு பொருளத் தொட்டாலும் அவுங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுத் தொடுங்க பாய்" என்றாள்.

சரிம்மா என்று சொல்வதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது. அவளிடம் சொல்ல முடியாமல் போன அந்தச் 'சரிம்மா'வைத்தான் இப்போது உங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.